“ஒண்ணும் பண்ணாது சார்”

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கரணைப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, எதிரே மாநகராட்சிப் பூங்கா. மூன்றாவது மாடிக்காரர் தினமும் காலையில் தன் இரண்டு நாய்களை, ஒரு கோல்டன் ரெட்ரீவரையும் ஒரு பீகிளையும், அங்கே அவிழ்த்துவிடுகிறார். ஒருநாள் பெரிய நாய் உங்கள் ஏழு வயது மகள்மேல் தாவியது. அவள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். அதிலிருந்து பூங்கா என்றாலே அழுகை. அவரிடம் சொன்னால் “ஒண்ணும் பண்ணாது சார், விளையாடுது” என்கிறார். குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் எழுதியதற்கு உங்களுக்கு ‘நாய் விரோதி’ பட்டம். சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் போவது, குழந்தையின் பயத்துக்கு என்ன வழி?

நான் பதினெட்டு வருடமாகச் சென்னையில் நாய்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வீட்டில் இப்போதும் இரண்டு இருக்கின்றன. அதனால் என்னை யாரும் நாய் விரோதி என்று சொல்ல முடியாது. இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு: அந்த மூன்றாவது மாடிக்காரராக நானே ஒரு காலத்தில் இருந்திருக்கிறேன்.

அப்போது என்னிடம் ஒரு லாப்ரடார் கலப்பு. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத பிராணி. திருவான்மியூர் கடற்கரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கூட்டம் இருக்காது என்று அவிழ்த்துவிடுவேன். ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்த ஒரு பெரியவரைப் பார்த்து, வாலை ஆட்டிக்கொண்டு நேராக ஓடியது. நான் பின்னாலிருந்து வழக்கம்போல அதே வாக்கியத்தைக் கத்தினேன். “ஐயா, ஒண்ணும் பண்ணாது!” அவர் பின்னால் நகர்ந்தார், மணலில் கால் புரண்டது, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. அவர் விழும்வரை நாய் அவரைத் தொடக்கூட இல்லை. விழுந்தவர் முகத்தை நக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், செலவைக் கொடுத்தேன், அவரும் பெருந்தன்மையாகத்தான் பேசினார். ஆனால் அதற்குப் பிறகு காலையில் அவரை அந்தக் கடற்கரையில் நான் பார்க்கவே இல்லை. பல மாதம் கழித்துக் கோயில் தெருவில் எதிரே வந்தார். அன்று என்னோடு நாய் இல்லை. என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார். பயிற்சித் தொழிலுக்கு நான் வந்ததில் அந்தத் தெருவுக்கும் பங்கு உண்டு.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், ‘ஒண்ணும் பண்ணாது’ என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் பிரச்சினை முழுவதும். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் அந்த நாய் ஒன்றும் செய்ததில்லை. மனைவியிடம், பிள்ளைகளிடம், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளிடம் செய்ததில்லை. அந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறார். ஆனால் உங்கள் மகளுக்கு அந்த அனுபவம் கிடையாது. அவள் கண்ணுக்குத் தெரிவது, தன்னைவிடக் கனமான ஒரு மிருகம் வாயைத் திறந்துகொண்டு ஓடிவருகிறது என்பதுதான். மிகைப்படுத்தவில்லை. வளர்ந்த ஆண் கோல்டன் ரெட்ரீவர் முப்பது கிலோ சாதாரணமாக இருக்கும். ஏழு வயதுக் குழந்தை இருபது, இருபத்திரண்டு கிலோ. உங்களைவிட ஒன்றரை மடங்கு கனமான ஒன்று, விளையாட்டாகவே ஆகட்டும், நெஞ்சில் முன்னங்கால்களை வைத்தால் என்ன ஆகும் என்று அவரையே நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாய் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போகவே போகாதீர்கள். அது அவருடைய மைதானம், அங்கே அவர்தான் ஜெயிப்பார். பொது இடத்தில் கேட்க வேண்டியது வேறு. எதிரே வருகிறவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறதா? கயிறு இருந்தால் இருக்கிறது. அவிழ்த்துவிட்டால் இல்லை.

வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது: “லண்டன்ல பார்க்ல எல்லாம் அவிழ்த்துதான் விடுவாங்க.” உண்மைதான், பல பூங்காக்களில் விடுகிறார்கள். கூடவே அங்கே 1991-ல் கொண்டுவந்த ஆபத்தான நாய்கள் சட்டமும் இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தச் சட்டத்தின்படி நாய் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்ல அது கடித்திருக்க வேண்டும் என்பதில்லை. காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாகப் பயப்பட இடம் இருந்தாலே போதும். அதாவது, அளவுகோல் உரிமையாளரின் நம்பிக்கை இல்லை, எதிரே நிற்பவரின் பயம். 2014-லிருந்து வீட்டு வளாகத்துக்குள் நடப்பதற்கும் இது பொருந்துகிறது. அங்கே அவிழ்த்துவிடுகிறவர் அந்தப் பொறுப்பையும் தலையில் சுமந்துகொண்டுதான் விடுகிறார்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். காப்பாற்றப் போன தாய்க்கும் காயம். குழந்தைக்குத் தலையில் பலத்த காயம், அறுவை சிகிச்சை வரை போனது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அந்த வாரம் முழுக்கத் தமிழ்நாடு ராட்வைலர் என்ற ஒரு பெயரைத்தான் பேசியது. தடை செய்ய வேண்டிய இனம் எது எது என்று தொலைக்காட்சிகளில் பட்டியல் ஓடியது. அந்தப் பட்டியலும் புதிதல்ல. அதே வருடம் மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

எனக்கு அப்போது உறுத்திய விஷயங்கள் வேறு. முதலாவது, அந்த இரண்டு நாய்களும் கயிறு இல்லாமல் இருந்தன. இரண்டாவது, அந்தக் குழந்தை அந்தப் பூங்காவின் காவலாளியின் மகள். அவளுக்கு அந்தப் பூங்காதான் வீடு. நாய் வருகிறது என்று வேறு எங்கே போவாள்?

உங்கள் குடியிருப்பிலும் இதைக் கவனித்துப் பாருங்கள். அவிழ்த்துவிட்ட நாய்க்கு அதிகம் பயப்படுகிறவர்கள் வாட்ஸாப் குழுவில் இருப்பதே இல்லை. ஐந்து மணிக்குப் பெருக்க வருகிற அம்மா, பால் பாக்கெட் போடும் பையன், பேப்பர்காரர், உணவு கொண்டுவரும் இளைஞர்கள், வாட்ச்மேன். ஓடிவரும் நாயிடம் இவர்கள் காலைத் தூக்கினால் ‘என் குழந்தையை உதைக்கப் பார்த்தான்’ என்று புகார் வரும். கடி வாங்கினால் ஐந்நூறு ரூபாய் கையில் திணிக்கப்படும். பேச வழி இருப்பது உங்களுக்குத்தான், பேசுங்கள். அவர்களையும் கேட்டுவிட்டுப் பேசினால் இன்னும் நல்லது. இது உங்கள் ஒருவர் வீட்டுக் குறை இல்லை என்பது தெரியவரும்.

சட்டம். பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 291-ஆம் பிரிவு, தன்னிடம் உள்ள விலங்கால் மனித உயிருக்கோ பலத்த காயத்துக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆம் பிரிவு, அபராதம் வெறும் 1,000 ரூபாயாக இருந்தது. கவனியுங்கள், கடி விழுந்திருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவும் சொல்லவில்லை, ஆபத்து வர வாய்ப்பிருந்தால் போதும். அலட்சியத்தால் காயமே ஏற்பட்டுவிட்டால் 125-ஆம் பிரிவும் சேரும். அதற்காக, தாவி விளையாடும் ஒரு கோல்டன் ரெட்ரீவருக்காக நீங்கள் நாளைக் காலை காவல் நிலையத்துக்குப் போனால் ஆய்வாளர் உங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதவு கடைசிக் கதவு. அப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

உங்களுக்கு உடனே கைகொடுக்கக்கூடியது மாநகராட்சி விதி. பெருநகர சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வருடக் கட்டணம் பல காலமாக 50 ரூபாய்தான் இருந்தது, அப்படியும் வாங்கியவர்கள் குறைவு. ஆயிரம் விளக்குச் சம்பவத்துக்குப் பிறகு பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று மாநகராட்சி அறிவுறுத்தியது. 2025 இறுதியில் உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததும், நாயின் தோலுக்கடியில் அடையாளச் சில்லு பொருத்தும் மைக்ரோசிப் முகாம்களில் வரிசை நின்றது. வாய்மூடியைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு. நம் வெயிலில் வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை மாட்டினால் நாயால் மூச்சிரைக்க முடியாது. நாய்க்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம், மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. போடுவதானால் வாயைத் திறக்க இடம் விடும் கூடை வகைதான். ஆனால் கயிற்றில் எந்தக் கருத்து வேறுபாட்டுக்கும் இடமில்லை.

குடியிருப்பு அசோசியேஷன் பற்றி ஓர் எச்சரிக்கை. கோபத்தில் ‘இனி இங்கே யாரும் நாய் வளர்க்கக் கூடாது’ என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. பெரும்பான்மை கை தூக்கினாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் வாங்க முடியாது. பூங்காவில் நுழையவே கூடாது என்று சொல்ல முடியாது, ஆனால் நேரம் வகுத்துக்கொள்ளலாம். பொது இடத்தில் கயிற்றோடு கூட்டிப்போகும்படி நாய் வளர்ப்பவர்களுக்கு அதே வழிகாட்டுதல் அறிவுரையும் சொல்கிறது. தடைத் தீர்மானம் போட்டால் அவர் அந்தத் தாளை நீட்டுவார், நீங்கள் தோற்பீர்கள், கயிறும் போய்விடும். ‘எல்லா நாயும் கயிற்றில், உரிமத்தின் நகல் அசோசியேஷன் கோப்பில்’ என்ற இரண்டு வரித் தீர்மானத்தை எந்த நாய்ப் பிரியராலும் எதிர்க்க முடியாது. உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பதால் ஊசி போட்டிருக்கிறதா என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

ஊசி என்றதும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகளின் முழங்கைச் சிராய்ப்பு தரையில் உரசியதால் வந்ததா, நாயின் நகம் பட்டதா? தரை என்றால் விட்டுவிடலாம். நகமாக இருந்தால், ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் ரேபிஸ் (வெறிநோய்) தடுப்பூசி தேவைப்படும் வகைதான் அது. ரத்தம் வந்திருந்தால், அல்லது ஏற்கெனவே இருந்த புண்ணில் நாய் நக்கியிருந்தால், தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டும். நாள் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், தாமதமானாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து என்று நான்கு முறைதான். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் முடிந்து இருபது வருடம் ஆகிறது. இன்னும் அந்தக் கதையைச் சொல்லி ஊசிக்குப் போகாமல் இருக்கிறவர்களை நான் பார்க்கிறேன். ரேபிஸ் தடுப்பூசி தயாரித்துவந்த பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து குன்னூரில் இருக்கிற மாநிலம் நம்முடையது!

இனி எப்போதாவது பல்லோ நகமோ பட்டால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். நாயைப் பத்து நாள் கண்காணிப்பது உண்டு, ஆனால் அது முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ‘எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு’ என்ற வாய்ச்சொல்லை நம்பியும் தள்ளிப்போடக் கூடாது. அட்டையைக் கேளுங்கள். போன வருட அட்டையை எடுத்து நீட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இப்போது அவரிடம் எப்படிப் பேசுவது. நாயைக் கையில் பிடித்திருக்கும்போது பேசாதீர்கள், எல்லோர் முன்னாலும் பேசாதீர்கள். அந்த நேரத்தில் அவர் நாயின் வக்கீல். மாலையில் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், முடிந்தால் மகள் கையால் ஒரு டப்பா பலகாரத்தோடு. சிரிக்க வேண்டாம், இந்த ஊரில் பாதி வழக்கு இப்படித்தான் முடிகிறது. “சார், உங்க நாய் நல்ல நாய்தான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. பாப்பா பயப்படறா. பார்க்ல கயித்தோட கூட்டிட்டு வந்தீங்கன்னா அவளும் வருவா. நீங்களே ஒருநாள் அவளுக்கு அதை அறிமுகப்படுத்தி வைங்க.” இந்த மாதிரிச் சொன்னால் நாயைக் குறை சொன்னதாக ஆகாது, அவருக்கு ஒரு வேலையும் கொடுத்ததாக ஆகும். பத்தில் ஏழு பேர் இதற்குப் பணிந்து நான் பார்த்திருக்கிறேன்.

மீதி மூன்று பேருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாதம் இருக்கிறது. அவர் நாய்க்காகவே பேசும் வாதம் அது. அவிழ்த்துவிட்ட நாய்க்குத்தான் ஆபத்து அதிகம். பள்ளிக்கரணைத் தெருக்களில் ஒவ்வொரு முனையும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் எல்லை. கயிற்றில் வரும் வளர்ப்பு நாயைத் தெருநாய்கள் குரைத்துவிட்டு விட்டுவிடும். தனியாகத் துள்ளிவரும் நாயைச் சுற்றி வளைத்துவிடும். பீகிள் மோப்ப நாய். மூக்கு ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால் காது வேலை செய்யாது. பூங்கா வாசலைத் தாண்டி சாலைக்குப் போய்விட்டால் தண்ணீர் லாரிக்கு அது பீகிள் என்று தெரியப் போவதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த நாய்களில் கால் ஒடிந்து தட்டு வைத்துத் தைத்தவை பல உண்டு. அத்தனை கதையிலும் ‘கூப்பிட்டா வந்துடும்னு நெனச்சேன்’ என்று ஒரு வரி இருக்கும். இதைக் கேட்டு இறங்கி வராத நாய்ப் பிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

கயிற்றில் வரும் மற்ற நாய்களையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். என்னிடம் வருகிற நாய்களில் பாதி, வேறு நாயைக் கண்டாலே குரைத்துத் தாவுகிறவை. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்: குட்டியாக இருந்தபோது கயிற்றில் போய்க்கொண்டிருந்தது, அவிழ்த்துவிட்ட ஒரு நாய் மேலே வந்து விழுந்தது. கயிற்றில் இருக்கும் நாயால் ஓட முடியாது, ஓட முடியாதது சண்டைக்குத் தயாராகிறது. ‘என் நாய்க்கு எல்லா நாயும் நண்பன்’ என்று சொல்கிறவரின் நாய்க்கு அப்படி இருக்கலாம். எதிரே வருவதற்கு அது நண்பனா என்று யாரும் கேட்பதில்லை. வால் ஆட்டினாலே சந்தோஷம் என்பதும் தவறான பாடம். இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடும் வால் வேறு, கொடிக்கம்பம் மாதிரி நிமிர்ந்து விறைப்பாகத் துடிக்கும் வால் வேறு. பின்னதைப் பார்த்தால் விலகிவிட வேண்டும்.

அவிழ்த்துவிடுகிற எல்லோரும் அகம்பாவிகள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆயிரம் சதுர அடி வீட்டில் ஓடிப் பழகிய இனத்தை வைத்துக்கொண்டு, காலையில் இருபது நிமிடம்தான் நேரம் இருக்கிறது. கயிற்றில் இழுத்து இழுத்துக் கையே வலிக்கிறது. அவிழ்த்துவிட்டால் பத்து நிமிடத்தில் களைத்துவிடும், பகல் முழுக்கத் தூங்கும். கணக்கு அவருக்குச் சரியாக வருகிறது. அந்தக் கணக்கில் உங்கள் மகள் இல்லை, அதுதான் விஷயம். சென்னையில் வேலி போட்டு நாய் ஓடவிடும் இடங்களும் ஊர் அளவுக்குப் போதாது. அதனால் ‘கட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லாமல், வேறு வழியையும் சேர்த்துச் சொன்னால் அவர் காது கொடுப்பார். பத்து மீட்டர் நீளக் கயிறு வாங்கச் சொல்லுங்கள், பருத்தியோ நைலான் பட்டையோ. கழுத்துப் பட்டையில் மாட்டாமல் உடம்புப் பட்டையில் மாட்ட வேண்டும், இல்லையென்றால் ஓடிப்போய் நிற்கும் இடத்தில் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். மைதானத்தில் ஆளில்லாத மூலையில் நாய் ஓடியது மாதிரியும் இருக்கும், நுனி கையில் இருந்தது மாதிரியும் இருக்கும். பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் மெல்லிய கயிறு வேண்டாம். முப்பது கிலோ இழுத்தால் கை தோலை அறுத்துக்கொண்டு போகும். பீகிளுக்கு ஓட்டத்தைவிட மோப்பம்தான் தேவை. புல்லில் நான்கு துண்டு கேரட்டை ஒளித்து வைத்துத் தேடவிட்டால் ஓடியதற்கு ஈடாகக் களைத்துவிடும்.

நம் நாட்டு இனங்களை வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை, உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். கன்னி, சிப்பிப்பாறை போன்றவை பார்வையால் வேட்டையாடும் நாய்கள். தலைமுறை தலைமுறையாக முயல் ஓடினால் துரத்தும்படி வளர்க்கப்பட்டவை. ஓடுவது முயலா, சைக்கிளா, பிள்ளையா என்பதைத் துரத்திவிட்டுத்தான் யோசிக்கும். அவற்றுக்குக் ‘கூப்பிட்டால் வரும்’ என்ற சான்றிதழை யாருக்கும் நான் கொடுத்ததில்லை.

கடற்கரையில் அவிழ்த்துவிடுகிறவர்களுக்கும் ஒன்று. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன, ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல். 1988-லிருந்து மாணவர் தன்னார்வலர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் குழியை மோப்பம் பிடித்துத் தோண்டுவது தெருநாய் மட்டுமில்லை.

அவர் எதற்கும் அசையவில்லை என்றால், அப்போது எழுத்துக்குப் போங்கள். தேதி, நேரம் போட்டு இரண்டு வாரம் குறித்து வையுங்கள், நாய் கயிறு இல்லாமல் இருப்பது தெரியும்படி ஒன்றிரண்டு படம். அசோசியேஷனுக்கு ஒரு கடிதம், நகல் அவருக்கு. அடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி பெருங்குடி மண்டலத்துக்குள் வருகிறது. அதற்கும் மேலே ஏதாவது நடந்தால்தான் காவல் நிலையம். கட்டை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவது, நாய்மேல் கல் எறிவது, உணவில் எதையாவது வைக்கப் போவதாகக் குழுவில் எழுதுவது, இதெல்லாம் உங்களைக் குற்றவாளியாக்கும். கடைசியாகச் சொன்னதை விளையாட்டுக்குக்கூட எழுதாதீர்கள். பக்கத்தில் எந்த நாய் செத்தாலும் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

மகள் விஷயம். ‘பயப்படாதே’ என்று சொல்லாதீர்கள், அவள் பயந்ததில் தப்பே இல்லை. அதற்குப் பதிலாக, நாய் ஓடிவந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஓடக் கூடாது, கத்தக் கூடாது. மரம் மாதிரி நிற்க வேண்டும்: இரண்டு கையும் உடம்போடு ஒட்டி, விரல்களை மடக்கிக்கொண்டு, கண் தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி. ஓடுவதைத் துரத்துவது நாயின் விளையாட்டு. நிற்கிற மரத்தோடு விளையாட எதுவும் இல்லை, மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கீழே விழுந்துவிட்டால் ஆமை மாதிரி சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். இதை வீட்டுக் கூடத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். நீங்கள் நாயாக ஓடிவாருங்கள், அவள் மரமாக நிற்கட்டும். முதல் நாள் சிரிப்பாள். ஐந்தாறு நாளில் உடம்புக்குப் பழகிவிடும். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்று: அந்த நேரத்தில் அவளைச் சட்டென்று தூக்காதீர்கள். தூக்கப்பட்ட குழந்தையின் காலை எட்டிப் பிடிக்கத் தாவுவது நாயின் சுபாவம். அவளுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள்.

பூங்காவுக்குத் திரும்ப அழைத்துப்போவதை நாய்கள் இல்லாத மாலை நேரத்தில் தொடங்குங்கள். ஒரு வாரம் வெறும் ஊஞ்சல். அப்புறம் அவர் ஒத்துக்கொண்டிருந்தால், அந்தக் கோல்டன் ரெட்ரீவரை அவர் கயிற்றில் பிடித்தபடி தூரத்துப் பெஞ்சில் உட்காரட்டும், நீங்கள் இருவரும் எதிர்ப் பெஞ்சில். அவள் பார்க்கட்டும், அவ்வளவுதான். கிட்டே போகலாமா என்று அவளாகக் கேட்கும்வரை யாரும் ‘தொட்டுப் பாரு, ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்ல வேண்டாம். அவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த வரி அவர் வாயில் தானாக வரும். அவள் கேட்கிற நாளில் நாய் உட்கார்ந்திருக்க வேண்டும், கயிறு குட்டையாக இருக்க வேண்டும். தலையில் வேண்டாம், தோளில் அல்லது முதுகில் மூன்று முறை தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் நெருங்கி வந்தால் மறுபடி தடவலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ உதட்டை நக்கினாலோ கொட்டாவி விட்டாலோ, இன்றைக்குப் போதும் என்று நாய் சொல்கிறது. எழுந்து வந்துவிடுங்கள்.